முதல் பூவின் தீர்ப்பு: புதிய ரோஜா வகைகளை உருவாக்கும் முறை குறித்த ஒரு திறனாய்வு

நாற்றுப்பண்ணைகளில் இன்று விற்கப்படும் ரோஜாக்களில் மிகப் பெரும்பாலானவை காடு மேடெல்லாம் தேடினாலும் கிடைக்காதவை. ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொரு செடியின் சூலகத்தோடு மனிதர் சேர்த்துவைத்து, அதில் முளைத்த நாற்றுகளில் ஏறத்தாழ அனைத்தையும் கழித்து, எஞ்சிய ஒன்றிரண்டைக் கண் ஒட்டின் வழியாகப் பெருக்கிப் பெயரோடும் விலையோடும் சந்தைக்கு அனுப்பியவை அவை. இம்முறையைப் போற்றுவோர் கலப்பின் நுட்பத்தைப் பேசுகின்றனர். தூற்றுவோர் மலர் வணிகத்தின் பேராசையைப் பேசுகின்றனர். இரு தரப்பாரும் போதிய அளவு கவனியாத படி ஒன்று இடையில் இருக்கிறது. ஆயிரம் நாற்றுகளில் எதை வைத்துக்கொள்வது, எதைப் பிடுங்கி எறிவது என்ற முடிவே அது. ரோஜாவுக்கு நேர்ந்த நன்மைகளும் கேடுகளும் பெரும்பாலும் அந்த முடிவு எப்போது, எங்கே, எதைப் பார்த்து எடுக்கப்பட்டது என்பதிலிருந்து கிளைத்தவை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

கலப்பு என்பது செய்முறையளவில் எளிய வேலை. தாயாகத் தெரிந்தெடுத்த செடியில், மறுநாள் விரியும் நிலையிலுள்ள மொட்டு ஒன்றின் இதழ்கள் காலையில் அகற்றப்படுகின்றன. உள்ளே சூலகமுடிகளைச் சூழ்ந்து நிற்கும் மகரந்தப்பைகள், அவை வெடித்துத் தூள் சிந்துவதற்கு முன்பே, சிறு இடுக்கியால் ஒன்று விடாமல் கிள்ளி எடுக்கப்படுகின்றன. செடி தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிடாமல் தடுக்கும் இச்செயலை ஆண்நீக்கம் என்பர். தந்தையாகத் தெரிந்தெடுத்த செடியின் மகரந்தப்பைகள் தட்டில் இரவு முழுதும் உலர்த்தப்பட்டு, அவை சிந்திய மஞ்சள் தூள், மறுநாள் பிசுபிசுப்பேறிய சூலகமுடிகளில் தூரிகையாலோ விரல்நுனியாலோ தடவப்படுகிறது. பெற்றோர் பெயர் எழுதிய சீட்டு காம்பில் கட்டப்படுகிறது. கரு நின்றால் பூவின் அடி பருத்து, ஏறத்தாழ 4 மாதங்களில் ஆரஞ்சு நிறக் கனியாகப் பழுக்கும். அதனுள்ளிருக்கும் விதைகளின் ஓடு கடினமானது. குளிர்காலத்தைக் கடந்துவிட்டதாக விதையை நம்பவைக்க, ஈரப்பதத்தோடு குளிர்பெட்டியில் சில வாரங்கள் வைத்த பின்னரே விதைக்கின்றனர். அப்போதும் பல விதைகள் முளைப்பதில்லை. இவ்வளவுக்கும் தேவைப்படுவன ஓர் இடுக்கி, ஒரு தூரிகை, சில தொட்டிகள், பொறுமை ஆகியவையே. பெரிய ஆய்வுக்கூடமோ அரசு மானியமோ இன்றித் தனிமனிதர் ஒருவர் வீட்டு மாடியிலிருந்தே உலகத்தரமான வகை ஒன்றை உருவாக்க இயலும் என்பது இம்முறையின் முதற்பெருமை. நெல்லிலோ கரும்பிலோ இத்தகைய சனநாயகம் கிடையாது.

இரண்டாவது வலிமை மரபியலைச் சார்ந்தது. தோட்ட ரோஜா பல சிற்றினங்கள் மீண்டும் மீண்டும் கலந்து உருவானதால், ஒரே கனியிலுள்ள இரு விதைகள்கூட ஒன்றுபோல் முளைப்பதில்லை. உணவுப்பயிரை வளர்ப்பவருக்கு இந்த வேறுபாடு தொல்லை; பல தலைமுறைகள் தன்மகரந்தச் சேர்க்கை செய்து அதைச் சீராக்கிய பின்னரே விதையை உழவரிடம் கொடுக்க முடியும். ரோஜாவை வளர்ப்பவருக்கோ அந்தச் சுமை இல்லை. விரும்பிய நாற்று ஒன்று கிடைத்துவிட்டால், அதன் கணுவிலுள்ள கண்ணை எடுத்து வேறொரு வலிய வேர்ச்செடியில் ஒட்டினால் போதும். அதே செடி, மரபில் எம்மாற்றமும் இன்றி, எத்தனை இலட்சமாகவும் பெருகும். பிரான்சின் பிரான்சிஸ் மெயான் 1935இல் செய்த கலப்பில் விளைந்து, போர் முடியும் தறுவாயில் 1945இல் அமெரிக்காவில் ‘பீஸ்’ என்ற பெயரில் அறிமுகமான இளமஞ்சள் ரோஜாவை எடுத்துக்கொண்டால், உலகெங்கும் நின்ற, நிற்கின்ற அத்தனை ‘பீஸ்’ செடிகளும் ஒற்றை விதையின் நீட்சிகளே. ஒரு தற்செயலை அப்படியே நிலைப்படுத்தும் இந்த ஆற்றல் விதையால் பெருகும் பயிர்களில் எளிதில் வாய்ப்பதில்லை. இதே ஆற்றலே பின்னர் பார்க்கப்போகும் பெருங்குறை ஒன்றுக்கும் ஊற்றாகிறது.

திட்டமிட்ட கலப்பு என்பது ரோஜாவுக்குப் பிந்தி வந்த பழக்கம். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரெஞ்சு வளர்ப்பாளர்கள் தேனீக்களின் போக்கில் விளைந்த கனிகளைக் கூடைகூடையாகப் பறித்து விதைத்து, முளைத்தவற்றில் அழகானதைத் தேர்ந்தார்கள். நவீன ஹைப்ரிட் டீ வகையின் தொடக்கமாகக் கொண்டாடப்படும் ‘லா பிரான்ஸ்’ 1867இல் லியோன் நகரத்துக் கீயோவின் நாற்றுப்பாத்தியில் கண்டெடுக்கப்பட்டதே. அதன் பெற்றோர் யாரென உறுதியாகச் சொல்ல எவராலும் இயலவில்லை. இங்கிலாந்தின் வில்ட்ஷயரைச் சேர்ந்த ஹென்றி பென்னெட் இந்நிலையைக் கண்டு வியந்தார். கால்நடை வளர்த்துப் பழகிய அவருக்கு, தாய் தந்தை தெரியாமல் கன்றைத் தேர்வது விந்தையாகப் பட்டிருக்க வேண்டும். கால்நடைப் பண்ணையின் ஒழுங்கை ரோஜாவுக்குக் கொண்டுவந்து, பெற்றோர் பெயரைப் பதிவுசெய்து கையால் கலந்து உண்டாக்கிய வகைகளை 1879இல் அவர் ‘வம்சாவளி ரோஜாக்கள்’ என அறிவித்தபோதுதான் இத்தொழில் தன்னை அறிந்த தொழிலாயிற்று. பென்னெட்டின் கொடை பெரிது. எனினும் அவர் ஒழுங்குபடுத்தியது கலப்பை மட்டுமே; கழிப்புக்கான அளவுகோல் பழையபடி கண்ணுக்கு இனிமை என்பதாகவே நின்றது. மாட்டுப்பண்ணையில் பாலையும் எடையையும் நோயின்மையையும் அளப்பார்கள். ரோஜாப் பாத்தியில் பூவை மட்டும் பார்த்தார்கள்.

அதன் விளைவை மஞ்சள் நிறத்தின் கதை தெளிவாகக் காட்டுகிறது. அடர்ந்த, வெயிலில் வெளுக்காத மஞ்சள், தொடர்ந்து பூக்கும் ஐரோப்பியத் தோட்ட ரோஜாக்களில் 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இல்லை. அந்நிறம் மேற்காசியாவின் ரோசா ஃபொட்டிடா என்னும் சிற்றினத்தில் இருந்தது. அதன் அடுக்கிதழ் வடிவமான ‘பெர்சியன் எல்லோ’ 1837 அளவில் பாரசீகத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்தது. அச்செடி எளிதில் கரு நிற்காதது. லியோன் நகரத்தின் ஜோசஃப் பெர்னே-டியூஷே பல ஆண்டுகள் விடாது முயன்று, அதன் மகரந்தத்தைக் கொண்டு விளைந்த நாற்றுகளின் வழியே 1900இல் ‘சொலை தோர்’ என்ற வகையை வெளியிட்டார். இன்றைய மஞ்சள், ஆரஞ்சு, செம்பு நிற ரோஜாக்களில் பெரும்பாலானவற்றின் நிறம் அந்த ஒற்றை வாயில் வழியாக வந்தது. பாராட்டத்தக்க விடாமுயற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் ரோசா ஃபொட்டிடா நிறத்தை மட்டும் தரவில்லை. டிப்லோகார்பான் ரோசே என்னும் பூஞ்சையால் இலைகளில் கரும்புள்ளி விழுந்து, இலை மஞ்சளாகி உதிரும் கரும்புள்ளி நோய்க்கு மிக எளிதில் இரையாகும் இயல்பையும் அது தன் வழித்தோன்றல்களுக்குக் கொடுத்தது. நிறம் முதல் பூவிலேயே தெரிந்தது. நோய்க்கான நலிவு பல மழைக்காலங்கள் கழிந்த பின்னரே முழுதாகப் புலப்பட்டது. அதற்குள் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விற்பனைப் பட்டியல்களை நிறைத்துவிட்டன. 20ஆம் நூற்றாண்டின் தோட்டக்காரர் வாரந்தோறும் பூஞ்சைக்கொல்லி தெளிக்கப் பழகியது இவ்வழியில்தான். மருந்து கடையில் எளிதாகக் கிடைத்ததால் வளர்ப்பாளருக்கும் தம் அளவுகோலை மாற்றும் நெருக்கடி எழவில்லை.

இங்கே ஒரு பொதுவிதி தென்படுகிறது. ஒரு செடியின் பண்புகள் அனைத்தும் ஒரே நேரத்தில் வெளிப்படுவதில்லை. முந்தித் தெரிவதே தெரிவில் வெல்கிறது. விதை முளைத்து ஏறத்தாழ 2 மாதங்களுக்குள், விரல் நீளமே உள்ள நாற்று தன் முதல் பூவைக் காட்டிவிடுகிறது. பல்லாயிரம் நாற்றுகளை வைத்திருக்கும் பண்ணைக்கு இடம் அருமையானது. ஆகவே அந்த முதல் பூவைப் பார்த்தே பெரும்பகுதி கழிக்கப்படுகிறது. நிறமும் இதழமைப்பும் அந்த வேளையில் தெரிகின்றன. வேரின் உறுதி, மூன்றாம் ஆண்டில் அடியிலிருந்து புதுக்கிளை விடும் திறம், கவாத்துக்குப் பின் மீளும் வேகம், மழைக்கும் பனிக்கும் இலை தாங்கும் வலு ஆகிய எவையும் தெரிவதில்லை. முதல் பூ இதழமைப்பில்கூட முழுநம்பிக்கைக்கு உரியதன்று, அதில் இதழ்கள் இயல்பைவிடக் குறைவாக இருப்பதை அனுபவசாலிகள் அறிவர். எஞ்சிய சிறுபகுதிக்குப் பல ஆண்டு வயற்சோதனை நடக்கிறது என்பது உண்மைதான். ‘பீஸ்’ போன்ற ஒன்று கலப்பிலிருந்து சந்தைக்கு வரப் பத்தாண்டுகள் ஆவது வழக்கத்துக்கு மாறானதன்று. ஆனால் அந்த நீண்ட சோதனை, ஏற்கெனவே அழகுக்காகச் சலித்தெடுத்த சிறு கூட்டத்துக்குள் நடக்கிறது. வலிய வேரும் எளிய பூவும் உடைய நாற்று அதற்கு வெகு முன்பே குப்பைக்குழியைச் சேர்ந்துவிடுகிறது.

இந்த அவசரம் வேறொரு குறுகலையும் உண்டாக்கியிருக்கிறது. ரோஜாப் பேரினத்தில் நூற்றைம்பதுக்குக் குறையாத சிற்றினங்கள் இருந்தும், தோட்ட வகைகளின் மூதாதையராகக் கணிசமாகப் பங்களித்தவை அவற்றில் பத்து அளவிலேயே உள்ளன. சோம்பல் என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. காரணமோ பூக்கும் பருவத்தின் மரபியலில் இருக்கிறது. காட்டு ரோஜாக்கள் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூப்பவை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சீனாவிலிருந்து ஐரோப்பாவை அடைந்த ‘ஓல்டு பிளஷ்’ முதலான தோட்டச் செடிகள்தாம் ஆண்டு முழுதும் பூக்கும் இயல்பைக் கொணர்ந்தன. பூப்பதை அடக்கிவைக்கும் மரபணு ஒன்றினுள், இடம்விட்டு இடம் தாவக்கூடிய மரபுத்துணுக்கு ஒன்று புகுந்து அதைச் செயலிழக்கச் செய்ததே இவ்வியல்புக்குக் காரணம் எனப் பின்னாளைய ஆய்வு நிறுவியது. இப்பண்பு ஒடுங்கிய பண்பு. அதாவது, பெற்றோர் இருபுறமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். ஆகவே தொடர்ந்து பூக்கும் தோட்டச் செடியைக் காட்டுச் சிற்றினத்தோடு கலந்தால், முதல் தலைமுறைப் பிள்ளைகள் அனைத்தும் ஆண்டுக்கொருமுறை பூப்பவையாகவே அமையும். அதுவும் 2 அல்லது 3 ஆண்டுகள் காத்திருந்த பிறகுதான் முதல் பூ. அவற்றை மீண்டும் தோட்டச் செடியோடு கலந்து அடுத்த தலைமுறையைப் பெற வேண்டும். பழைய வழியில் 2 மாதத்தில் கிடைக்கும் விடை, இவ்வழியில் பத்தாண்டுகளுக்குத் தள்ளிப்போகிறது. வங்கிக்கடனில் நடக்கும் பண்ணை எந்த வழியில் செல்லும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குரோமோசோம் எண்ணிக்கையும் இதே திசையில் இடறுகிறது. காட்டு ரோஜாக்களில் பல 14 குரோமோசோம்கள் கொண்ட இருமடிச் செடிகள். ஹைப்ரிட் டீ வகைகளோ பெரும்பாலும் 28 கொண்ட நான்மடிச் செடிகள். இரண்டையும் கலந்தால் பிறப்பது 21 கொண்ட மும்மடி. ஒற்றைப்படை மடிப்பில் குரோமோசோம்கள் இணைசேர முடியாமல் மகரந்தமும் சூலும் பெருமளவு மலடாகின்றன. மலடு என்பது எப்போதும் குற்றமாகாது என்பதையும் இடையே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டுப் பூக்கடைகளில் விற்கும் ‘டெல்லி கனகாம்பரம்’ ஒரு மும்மடிச் செடிதான். விதை பிடிக்காத அதைத் தண்டுக்குச்சியால் பெருக்குகிறார்கள். தோட்டத்தில் வைக்க மும்மடி போதும், ஆனால் அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக அது பெரும்பாலும் உதவாது. காட்டுச்செடியின் நற்பண்பு அதனோடு முட்டுச்சந்தில் நின்றுவிடும். கால்ச்சிசின் என்னும் வேதிப்பொருளால் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி இத்தடையைக் கடக்கலாம். கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றி, பின்னர் 1945இல் சி. டி. டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பேட்டை வெளியிட்ட இ. கே. ஜானகி அம்மாள், இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியாச் செடிகளில் இவ்வித்தையைக் கையாண்டவர். ரோஜாவில் அவ்வழி தெரிந்ததாயினும் பரவலாகவில்லை. காரணம் முன் சொன்ன அதே பொறுமையின்மை.

நறுமணத்தின் இழப்பு அடிக்கடி பேசப்படும் குறை, அதனால் பிழையாகவும் பேசப்படுவது. வணிகர்கள் மணத்தைத் திட்டமிட்டு அழித்துவிட்டதாகப் பொதுமக்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அப்படி யாரும் செய்யவில்லை; மணம் தேர்வுத்தாளிலேயே இடம்பெறாததால் மெல்லத் தொலைந்தது என்பதே சரியானது. கொய்மலர் வணிகத்தில், அதாவது நீண்ட காம்போடு வெட்டிக் கட்டாக அனுப்பும் வணிகத்தில், காம்பின் நீளமும் விமானப் பயணத்தைத் தாங்கும் இதழும் பூச்சாடியில் நிற்கும் நாட்களும் விலையை நிர்ணயிக்கின்றன. வாங்குபவர் படத்தைப் பார்த்து வாங்குகிறார், மூக்கைக் கொண்டு வாங்குவதில்லை. 2015இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்று, மணமுள்ள ‘பாப்பா மெயான்’ வகையையும் மணமில்லாத ‘ரூஜ் மெயான்’ வகையையும் ஒப்பிட்டு, ரோஜா மணத்தின் முக்கியக் கூறாகிய ஜெரானியால் உருவாவதில் நியூடிக்ஸ்1 என்ற நொதிக்கு உள்ள பங்கை வெளிப்படுத்தியது. மணம் எங்கே அறுபட்டது என்பது தெரிந்துவிட்டால் அதை நாற்றுப்பருவத்திலேயே மரபணுச் சோதனையால் கண்டறிய வழி பிறக்கும். முந்தித் தெரிவதே வெல்லும் என்ற விதியை முறியடிக்கும் கருவி இதுவே. இங்கிலாந்தின் டேவிட் ஆஸ்டின் ஆய்வுக்கூடக் கருவி எதுவும் இன்றியே, பழைய மணமிக்க வகைகளை நவீன வகைகளோடு கலந்து 1961இல் ‘கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை’யையும் 1983இல் ‘கிரகாம் தாமஸை’யும் கொணர்ந்து, மணம் கேட்கும் வாங்குபவரையும் சேர்த்தே உருவாக்கினார். முன்னது ஆண்டுக்கொருமுறை மட்டும் பூக்கும் வகை. பொறுத்திருந்து அடுத்தடுத்த தலைமுறைகளுக்குச் சென்றதில் அவருடைய தனித்தன்மை இருக்கிறது.

ஜப்பானின் சன்டோரி நிறுவனம் பான்சிப் பூவின் மரபணுவைச் செலுத்தி உருவாக்கி, 2009இல் விற்பனைக்குக் கொணர்ந்த ‘நீல ரோஜா’ பற்றி நீண்டு பேச ஒன்றுமில்லை. நீலத்துக்குரிய டெல்ஃபினிடின் நிறமி இதழில் சேர்ந்தது உண்மை. இதழ்ச்செல்லின் அமிலத்தன்மை இடம் தராததால் கண்ணுக்குத் தெரிவது வெளிர் ஊதா. நிறத்தின் மீதுள்ள பழைய மோகத்துக்குப் புதிய கருவி கிடைத்தது என்பதற்கு மேல் அதில் கற்க அதிகமில்லை.

ஒரே செடியை இலட்சக்கணக்கில் பெருக்குவதன் ஆபத்து அமெரிக்காவில் அண்மைக்காலத்தில் தெளிவாகியிருக்கிறது. விஸ்கான்சினைச் சேர்ந்த வில்லியம் ராட்லர் உருவாக்கி 2000இல் வெளிவந்த ‘நாக் அவுட்’, கரும்புள்ளி நோயைத் தாங்குவதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. மருந்து தெளிக்கத் தேவையில்லாத ரோஜா என்று சாலையோரங்களிலும் வணிக வளாகங்களிலும் வரிசைவரிசையாக நடப்பட்டது. நல்ல அளவுகோலால் தேர்ந்த நல்ல செடி அது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவே உள்ள சிலந்திப்பேன் ஒன்று பரப்பும் ரோசெட் வைரஸ் அதனைத் தாக்கியபோது, அடுத்தடுத்து நின்ற ஒரே மரபுடைய செடிகளில் நோய் தடையின்றி நடந்தது. அந்த வைரஸின் தேக்கிடமாக அமைந்தது, 1930களில் மண்ணரிப்பைத் தடுக்க அமெரிக்க அரசுத்துறைகள் பரிந்துரைத்து வேலியாக நடச்செய்த ரோசா மல்டிஃப்ளோரா என்பது இக்கதையின் கசப்பான பின்னிணைப்பு. ஆக, நோய் எதிர்ப்பு என்னும் அளவுகோலை மட்டும் மாற்றிக்கொண்டு, ஒரே வகையை எங்கும் நிரப்பும் பழக்கத்தை விடாதிருந்தால், சிக்கல் இடம் மாறுமேயன்றித் தீராது.

அளவுகோல் மாறினால் செடியும் மாறும் என்பதற்கு ஜெர்மனி சான்று. அங்கே புதிய ரோஜாக்களுக்கான ஏடிஆர் என்னும் தேசியச் சோதனை 1948 முதல் நடக்கிறது. பல்வேறு இடங்களில் 3 ஆண்டுகள் வளர்த்து மதிப்பிடுகிறார்கள். 1997 முதல் அச்சோதனைத் திடல்களில் பூச்சி, பூஞ்சைக்கொல்லி தெளிப்பது முற்றாக விலக்கப்பட்டது. முன்பு மருந்தின் நிழலில் அழகாக நின்ற வகைகள் அதன்பின் இலையுதிர்த்துத் தோற்றன. கோர்டெஸ் போன்ற பண்ணைகளும் தம் நாற்றுவயல்களில் தெளிப்பை நிறுத்தின. அங்கே இன்று வெளிவரும் தோட்ட ரோஜாக்களின் இலைநலம் ஒரு தலைமுறைக்கு முந்தைய வகைகளினும் மேம்பட்டிருக்கிறது. கலப்பு முறையில் புரட்சி எதுவும் நிகழவில்லை. இடுக்கியும் தூரிகையும் பென்னெட் காலத்தவையே. கழிப்பு நடக்கும் நிலம் மட்டும் மாறியது.

இந்தியாவின் நிலை இதனினும் சிக்கலானது. கோதுமைத் துரு நோய்களுக்கு எதிரான வகைகளை உருவாக்கிப் புகழ்பெற்றவரும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநருமான பி. பி. பால், ரோஜாவிலும் ‘டெல்லி பிரின்சஸ்’ உள்ளிட்ட பல வகைகளை உருவாக்கி, இந்நாட்டிலும் இது செய்யத்தக்க வேலை என்ற நம்பிக்கையை ஊட்டினார். ஆயினும் கோதுமை வளர்ப்பில் நோய் தாங்கலுக்குக் கிடைத்த முதலிடம், ரோஜாக் கண்காட்சி மேடையில் கிடைக்கவில்லை. அம்மேடைகளின் விதிகள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. காம்புக்கொரு பூ, கூர்ந்து எழும் நடுமொட்டு, சீராகச் சுருண்ட இதழ் என்பன அங்கே மதிப்பெண் பெறுவன. ஐரோப்பியக் குளிரில் தெரிவான செடி திருச்சியின் சித்திரை வெயிலில் இரண்டே நாளில் விரிந்து வெளுத்து, பூவும் சிறுத்துப்போவதில் வியப்பில்லை. உதகையில் 1995இல் தொடங்கப்பட்ட அரசு ரோஜாப் பூங்கா செழிப்பதும், ஓசூர்ப் பகுதியின் பசுமைக்குடில்களில் ‘தாஜ்மகால்’ ரோஜா ஏற்றுமதித் தரத்தில் விளைவதும் தமிழ்நாட்டின் குளிர்ந்த மேட்டுநிலங்களின் புண்ணியம். சமவெளிக்கு அவை சான்றாகா.

இவ்விடத்தில் கொடைக்கானலில் வாழ்ந்து உழைத்த வீரு வீரராகவன், கிரிஜா வீரராகவன் இணையரின் பணி தனித்து நிற்கிறது. வங்காளம், பீகார் ஆகியவற்றின் ஆற்றோர ஈரநிலங்களில் வளர்ந்து, வெப்பத்தையும் நீர்த்தேக்கத்தையும் ஒருங்கே தாங்கும் ரோசா கிளைனோஃபில்லாவையும், மணிப்பூர் மலைகளில் பெரும் கொடியாய்ப் படரும் ரோசா ஜைகான்டியாவையும் அவர்கள் பெற்றோராக்கினர். மேலே சொன்ன ஒடுங்கிய பண்பின் தடையையும் குரோமோசோம் தடையையும் தெரிந்தே தோளில் ஏற்றுக்கொண்ட வழி இது. அவர்களுடைய வகை ஒன்றுக்கு இ. கே. ஜானகி அம்மாளின் பெயரைச் சூட்டியது, செய்யும் வேலையின் இயல்பறிந்து செலுத்திய மரியாதை. எனினும் இவ்வழிக்கும் வரம்பு உண்டு. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள மலையூரில் கலப்பு செய்யலாம். வெப்ப நிலத்துக்கான தெரிவை அங்கே முடிக்க முடியாது. நாற்று எந்த வெயிலைத் தாங்க வேண்டுமோ அந்த வெயிலில் நின்று கழிக்கப்பட வேண்டும். அதற்குச் சமவெளியில் பரந்த திடலும் நீண்ட கால ஆள்பலமும் வேண்டும். தனிமனிதர் எவரது ஆயுளுக்கும் சேமிப்புக்கும் அது மிஞ்சிய வேலை.

தமிழ்நாட்டுச் சமவெளி தன் ரோஜாவைத் தானே தேர்ந்துகொண்டது என்ற உண்மையை வளர்ப்பாளர்கள் போதிய அளவு எண்ணிப்பார்க்கவில்லை. உதிரிப்பூச் சந்தையில் எடை போட்டு விற்கும் ‘எட்வர்ட் ரோஸ்’, தோட்டக்கலையாளர் போர்பன் வகையென அடையாளம் காணும் செடி. இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவில், வேலியோரத்தில், சீன ரோஜாவும் டமாஸ்கஸ் வழி ரோஜாவும் தாமாகக் கலந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டெடுக்கப்பட்ட ‘ரோஸ் எட்வார்ட்’ மரபைச் சேர்ந்தது. எந்த வளர்ப்பாளரும் திட்டமிடாத கலப்பு அது. கண்காட்சி மேடையில் அதற்கு மதிப்பெண் கிடைக்காது; காம்பு குட்டை, வடிவம் குழைவு. மாலை கட்டுபவருக்கோ காம்பே வேண்டாம். இதழ் கனமாக இருக்க வேண்டும், நாரில் இறுக்கினாலும் சிதையக்கூடாது, மணக்க வேண்டும், வெயிலிலும் செடி நாள்தோறும் கொடுக்க வேண்டும். கோயில், கல்யாணம், சாவு ஆகிய மூன்றுக்கும் பூ வாங்கும் ஒரு பெரும் சந்தை இவ்வளவு தெளிவான அளவுகோலை வைத்திருந்தும், அந்த அளவுகோலால் நாற்றுகளைக் கழிக்கும் ரோஜா வளர்ப்பு முயற்சி முதன்மையாக எழாதது இத்துறையின் பார்வைக்குறை என்றே சொல்ல வேண்டும்.

சட்டத்தின் பக்கமும் ஒரு சொல். அமெரிக்கா 1930இல் இயற்றிய தாவரக் காப்புரிமைச் சட்டத்தின்கீழ் 1931இல் வழங்கப்பட்ட முதல் உரிமம் ‘நியூ டான்’ என்ற ரோஜாவுக்கே சென்றது. அது கலப்பில் பிறந்ததன்று. ஏற்கெனவே இருந்த கொடிரோஜா ஒன்றில் தானாக நேர்ந்த மொட்டுமாற்றம், அதாவது ஒரு கிளையின் மரபு மட்டும் திடீரென மாறி வேறுவகைப் பூ விடுதல். உழைப்புக்குப் பரிசு என்ற கொள்கையின் முதல் பரிசு கண்டெடுத்தலுக்குப் போனதில் ஒரு நகைமுரண் இருக்கிறது. இன்றைய பதிவு முறைகள் பெரும்பாலும் செடியிடம் கேட்பன மூன்று: பிற வகைகளிலிருந்து வேறுபாடு, செடிக்குச் செடி சீர்மை, தலைமுறைக்கு நிலைத்தன்மை. நன்றாக வளருமா, நோய் தாங்குமா என்ற கேள்வி அதில் இல்லை. ஆகவே இதழோரத்தில் ஒரு கோடு கூடினாலே புதிய வகை என்ற தகுதி கிடைத்துவிடுகிறது. பட்டியல்கள் பெருகுகின்றன, தோட்டங்கள் மேம்படவில்லை. இந்தியாவின் 2001ஆம் ஆண்டுத் தாவர வகைகள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டமும் இதே மூன்றையும் கேட்கிறது என்றாலும், பதிவுபெற்ற வகையைப் புதிய கலப்புக்குப் பெற்றோராகப் பயன்படுத்தும் ஆய்வாளர் உரிமையை அது வெளிப்படையாக ஏற்றிருக்கிறது. ஓசூரின் ‘தாஜ்மகால்’ வகையையும் எட்வர்ட் ரோஸையும் ஈரநிலக் காட்டுச்செடியையும் ஒரே பாத்தியில் சேர்த்துவைக்கச் சட்டம் தடையாக இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தோட்டக்கலைத் துறையும் சமவெளி மாவட்டங்கள் இரண்டு மூன்றிலேனும், மருந்து தெளிக்காத, மூன்றாண்டு நீடிக்கும் பொதுச் சோதனைத் திடல்களை அமைத்து, தனிவளர்ப்பாளர் யாரும் தம் நாற்றைக் கொணர்ந்து நடலாம் என்று அறிவிக்க வேண்டும். அத்திடலின் மதிப்பீட்டுக் குழுவில் கண்காட்சி நடுவர்களோடு மாலை கட்டுவோரும் உதிரிப்பூ விளைவிப்போரும் இடம்பெற வேண்டும்.